வானமும் ஓர் அங்கத்தினர்

எந்தச் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒருவர் பெயர் மட்டும் காணப்படுவதில்லை. அவர் பங்குத்தொகை செலுத்தியவரல்லர். மகாசபைக்கு வந்து கையொப்பமிட்டவருமல்லர். எனினும், கடன் வாங்கிய உழவர் தவணையில் கட்டுவாரா, நூல் வாங்கிய நெசவாளர் குறித்த நாளில் துணியைத் தருவாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் அவரே. வானத்தைத்தான் குறிப்பிடுகின்றோம்.

மழையைப் பற்றிப் பேசாத கிராமத்தார் இல்லை. ஆனால் மழையைப் பற்றி எழுதிவைக்கும் கிராமத்தார் மிகச் சிலரே. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இந்த வேற்றுமையினால் ஓர் ஊரின் அங்கத்தினர்கள் அடைந்த இழப்பை நாம் நேரிற் கண்டோம். அந்த இழப்பில் எமக்கும் பங்குண்டு. ஆகையினால் அவ்வூரின் நிலம், காற்று, மழை, தொழில் ஆகியவற்றை முதலில் விளக்கி, பின்னர் நடந்ததைக் கூறி, நம் சங்கங்கள் செய்யத்தக்கது யாது என்பதையும் சொல்ல விரும்புகின்றோம்.

நிலமும் ஊரும்

ஈரோட்டுக்குத் தென்மேற்கே, பெருந்துறைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட சமவெளியில் தனித்து எழுந்து நிற்பது சென்னிமலை. அதன் உயரம் சுமார் 1,750 அடி. உச்சியில் முருகப் பெருமானின் திருக்கோயில் உள்ளது. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் இதுவே என்பது மரபு. 1904-ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்து, 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியை விடாது உயிர் நீத்த குமரன் இவ்வூரினர். கூட்டுறவாளர்களுக்கு இவ்வூர் வேறொரு வகையிலும் பெருமைக்குரியது. பத்மஸ்ரீ விருது பெற்ற எம். பி. நாச்சிமுத்து அவர்கள் கைத்தறி நெசவாளர்களைக் கூட்டுறவில் ஒன்றுசேர்த்து, சென்னிமலைப் படுக்கை விரிப்புகளை நாடெங்கும் அறியச் செய்தது இங்கேதான்.

நாம் கூறப்போகும் ஊர் இம்மலையிலிருந்து சில மைல் தொலைவில் உள்ளது. அதன் பெயர் வேண்டா. ஊரின் ஒரு புறம் தறித் தெருக்கள்; மறுபுறம் தோட்டங்களும் மானாவாரிக் காடுகளும். உழவர்களுக்கு வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றும், நெசவாளர்களுக்குக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் ஏறக்குறைய எதிரெதிராக அமைந்துள்ளன.

மண் செம்மண், பல இடங்களில் சரளை கலந்தது, சற்று ஆழத் தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டும். இவ்வகை நிலத்தில் நீர் நெடுநாள் தங்குவதில்லை. தெற்கே காங்கயத்தை நோக்கிச் சென்றால் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளைக் காணலாம். உழவுக்குப் போதிய மழை இல்லாத நிலத்தைத் தரிசாக விட்டுவிடாமல், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் மரங்களையும் வளர்த்து, மாடு மேய்க்கும் காடாக ஆக்கிக்கொண்டது இந்நாட்டு உழவரின் அறிவுடைமையாகும். காங்கயம் மாடு உலகறிந்த இனமாக விளங்குவதற்குக் குறைந்த மழையும் அதற்கேற்ற இந்த மேய்ச்சல் முறையும் பெருங்காரணங்கள்.

பவானிசாகர் அணை 1955-ஆம் ஆண்டு முடிவுற்ற பின்னர் இவ்வட்டாரத்தின் முகம் மாறியது. 124 மைல் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கின்றது. எல்லா நிலத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விட இயலாதாகையால், மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பகுதிக்கு நன்செய்ப் பயிருக்கும் மறு பகுதிக்குப் புன்செய்ப் பயிருக்குமாக முறை வைத்து மாற்றி மாற்றி விடுகின்றனர். உள்ளதைப் பங்கிட்டுக் கொள்வதே கூட்டுறவு என்றால், இம்முறைப் பாசனமும் ஒரு கூட்டுறவுப் பாடமே. வாய்க்காலின் கசிவினால் அயலிலுள்ள கிணறுகளும் ஊறுகின்றன. ஆயினும் வாய்க்காலுக்கு மேலேயுள்ள நிலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாம் கூறும் ஊரின் பெரும்பகுதி அத்தகைய மேட்டு நிலமே. அதற்கு வானமே மதகு.

காற்று வரும் வாயில்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைத்தொடருக்கு அப்பால் மழை கொட்டுகின்றது. மலையின் மீதும் கொட்டுகின்றது; வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழையைப் பெறுகின்றது. அங்கிருந்து நூறு மைலுக்குட்பட்ட தொலைவில் உள்ள ஈரோட்டு வட்டாரத்திற்கோ ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டரே. மாநிலத்தின் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுங்கால் குளிர்ந்து, தன் நீரை அங்கேயே பொழிந்துவிடுகின்றது. மலையைக் கடந்து இறங்கும் காற்றில் மழை தரும் வலிமை குன்றிவிடுகின்றது. நாம் மலையின் மறைவில் வாழ்பவர்கள்.

ஆனால் அம்மலைத்தொடரில் ஒரு வாயில் திறந்திருக்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வாயில் வழியே காற்று குவிந்து, விரைந்து, கொங்குச் சமவெளியில் பாய்கின்றது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்னும் பழமொழியை நாடெங்கும் சொல்வர். இவ்வட்டாரத்தாருக்கோ அது ஆண்டுதோறும் காணும் காட்சி. முன்னாளில் அக்காற்றைப் பழித்தவர்கள், இன்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளில் அதே காற்றினால் சுழலும் மின் காற்றாடிகளைக் காண்கின்றார்கள். காற்று உண்டு, மழை இல்லை. மேகம் உண்டு, துளி இல்லை. இதுவே இவ்வூரின் ஆடி மாதம்.

மழைக் கணக்கு

இவ்வட்டாரத்துக்கு மழை மூன்று தவணைகளில் வருகின்றது எனலாம். முதல் தவணை சித்திரை, வைகாசியில் இடியுடன் வரும் கோடை மழை. இதைக் கொண்டு உழவர் நிலத்தைப் புரட்டுவர். தீவனத்துக்குச் சோளம் விதைப்பர். கிணற்றுப் பாசனம் உடையோர் மஞ்சள் நடுவர். இரண்டாவது தவணை ஆவணி, புரட்டாசியில் இரவு நேரங்களில் பெய்யும் இடிமழை. மூன்றாவதும் பெரியதுமான தவணை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. ஆண்டின் மழையில் ஏறத்தாழப் பாதி இதனாலேயே கிடைக்கின்றது. வங்கக் கடலிலிருந்து உள்நாட்டுக்கு நெடுந்தொலைவு வரவேண்டியிருப்பதால், கடலில் புயலோ காற்றழுத்தத் தாழ்வோ தோன்றித் தள்ளினாலன்றி அது நிறைவாக வந்து சேர்வதில்லை.

இங்கு ஒரு செய்தியை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கோடை மழையும் புரட்டாசி மழையும் ஊர் முழுவதற்கும் பொதுவாகப் பெய்பவை அல்ல. ஒரு ஊரில் ஓடை நிரம்பும். இரண்டு மைல் தள்ளியுள்ள ஊரில் புழுதி பறக்கும். "மாட்டுக்கு ஒரு கொம்பு நனைஞ்சு, மறு கொம்பு காஞ்சிருக்குமுங்க" என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கூறினார். மிகையான பேச்சென்று நாம் அப்போது நகைத்தோம். அந்த நகைப்பின் விலையைப் பின்னர் அறிந்தோம்.

உழவர் மழையை 'ஓர் உழவு மழை', 'ஈருழவு மழை' என்று அளப்பர். ஏர் ஓட்டும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே அவர்கள் அளவுகோல். வேளாண்மைக்கு இது சிறந்த அளவுகோலே என்பதில் ஐயமில்லை. ஏனெனில் இது வானத்தை அளக்காமல் மண்ணை அளக்கின்றது. ஆனால் அரசாங்க அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இம்மொழி விளங்குவதில்லை. அவர்கள் மில்லிமீட்டரையே கேட்கின்றார்கள். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அதனை மழைநாள் என்று கணக்கிடுகின்றனர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். இவ்வாறு சொன்னால் மில்லிமீட்டரின் மதிப்பு எவருக்கும் விளங்கும்.

தெருவில் பாவு, காட்டில் ஏர்

உழவர் மட்டுமே வானத்தை நோக்கி வாழ்பவர் என்று எண்ணுவது தவறு. நெசவாளரும் அவ்வாறே வாழ்பவர். வேண்டுவதுதான் வேறு.

பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவதற்குக் காலை வெயில் வேண்டும். காற்று அடங்கியிருக்கவும் வேண்டும். ஆடிக்காற்றில் தெருவில் பாவை நீட்டினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளும். புழுதி கஞ்சியில் ஒட்டும். ஆகையினால் அம்மாதத்தில் நெசவாளர் விடியுமுன் எழுந்து, காற்று கிளம்புவதற்குள் பாவு வேலையை முடிக்க முயல்வர். மாசி, பங்குனியில் வேறொரு தொல்லை. பஞ்சு நூல் சற்று ஈரம் பட்டால் வலுப்பெறும். மிக உலர்ந்தால் வலுக்குன்றும். பிற்பகலில் காற்று வறண்டுவிட்டால் இழை அறுவது மிகும். தறிக்கூடத்தின் மண் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நெய்வதற்குக் காரணம் இதுவே.

ஐப்பசி, கார்த்திகையோ நெசவாளருக்குச் சோதனைக் காலம். சாயம் தோய்த்த சிட்டம் காய்வதில்லை. பாவு நீட்டத் தெரு இல்லை. அடைமழை பெய்தால் குழித்தறியின் குழிக்குள் நீர் ஊறும். கால் வைத்து மிதிக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும்போது நெய்வது எங்ஙனம்? தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை.

ஆக, எதிர்ப்புறத்தில் உழவர் கைகூப்பி வேண்டும் மழையை, இந்தப் புறத்தில் நெசவாளர் அஞ்சி நோக்குகின்றார். ஒரே தெருவில் ஒரே மேகம். ஒருவருக்கு வரவு, ஒருவருக்குச் செலவு. ஆனால் வேற்றுமை அவ்வளவோடு நிற்கின்றது. மழை பொய்த்து உழவர் கையில் காசில்லையேல், ஊர்ச் சந்தையில் துணியும் விற்காது, கடையும் நடவாது. தறி நின்று நெசவாளர் கையில் காசில்லையேல், உழவரின் காய்கறியையும் பாலையும் வாங்குவார் குறைவர். மஞ்சளை வேகவைத்துக் களத்தில் உலர்த்தும் மாசி மாதத்திலோ இருவரும் ஒரே வெயிலை வேண்டி நிற்பர்.

நாம் எழுதிய ஒரு வரி

இனி நடந்ததைக் கூறுகின்றோம். 2020-ஆம் ஆண்டு மாசி மாதம் அவ்வூரின் கடன் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டப்படிப்பும் பயிற்சிக் கல்லூரியின் பாடங்களும் மனத்தில் புதிதாக இருந்தன. தவணை நெருங்கியும் கடனைச் செலுத்த வழியில்லை என்று கூறிய அங்கத்தினர்கள் பதினொருவர் இருந்தனர். அனைவரும் மானாவாரி நிலக்கடலைக்குக் கடன் பெற்றவர்கள். உரிய காலத்தில் செலுத்தினால் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை. தவணை கடந்தாலோ வட்டியும் அபராத வட்டியும் சேரும். அவ்வாறிருக்க இவர்கள் ஏன் செலுத்தவில்லை?

"மழை இல்லை" என்றார் செயலாளர். நாம் எம் பையிலிருந்த புள்ளிக்கணக்கை எடுத்துப் பார்த்தோம். 2019-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் ஏறக்குறைய இயல்பாகவே பெய்திருந்தது. பல மைல் தொலைவிலிருந்த மழைமானியின் கணக்கும் இயல்பை ஒட்டியே இருந்தது. ஆகவே எமது குறிப்பில், 'செலுத்த வசதி இருந்தும் செலுத்தாதவர்கள்' என்னும் பொருள்பட ஒரு வரி எழுதினோம். கணக்கைப் பார்த்தோமேயன்றிக் காட்டைப் பார்க்கவில்லை.

மாலையில் புறப்படும்போது எதிர்ப்புறத்து நெசவாளர் சங்கத் திண்ணையில் இருந்த முதியவர் எம்மை அழைத்தார். செய்தி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது போலும்.

"ஏனுங்க சார், இந்த ஊர்ல மழை பேஞ்சுதுன்னு எழுதிட்டீங்களாமே?" என்றார்.

"கணக்கு அப்படித்தான் சொல்கிறது, ஐயா" என்றோம்.

"மழை பேஞ்சிருந்தா எங்க தறிக்குழியில தண்ணி நின்னிருக்குமுங்களே? இந்த ஐப்பசியில ஒரு நாளும் நாங்க தறியை நிறுத்துலீங்க. எங்களுக்கு நல்ல காலம். எதுத்தாப்புல அவங்களுக்குத்தான் கெட்ட காலம். நோட்டைப் பாருங்க, தெரியும்."

நெசவாளர் சங்கம் எமது ஆய்வெல்லைக்கு உட்பட்டதன்று. அது கைத்தறித் துறையைச் சார்ந்தது. எனினும் அதன் தலைவர் மனமுவந்து உற்பத்திப் பதிவேட்டைக் காட்டினார். வாரந்தோறும் எத்தனை விரிப்புகள் வந்தன என்பது அதில் எழுதப்பட்டிருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்கு உற்பத்தி சரிந்திருந்தது. ஓரத்தில் 'பாவு காயவில்லை' என்ற குறிப்பும் இருந்தது. 2019-இல் அச்சரிவு இல்லை, அக்குறிப்பும் இல்லை. மழை வந்திருந்தால் அப்பதிவேடு காட்டிக் கொடுத்திருக்கும்.

மறுநாள் காலை காட்டுக்குச் சென்றோம். ஆவணி மழையை நம்பி விதைத்திருந்தார்கள். செடி முளைத்துப் பூத்தது. நிலக்கடலை பூத்தபின் அதன் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். அதற்கு மண் இளகியிருக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் மழையில்லாமல் மண் இறுகிவிட்டது. விழுது இறங்கவில்லை. செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு மைலுக்கு அப்பால் இருந்த காட்டில் நல்ல விளைச்சல்! கொம்பைப் பற்றிய பெரியவரின் சொல் அப்போது எம் செவியில் ஒலித்தது.

எமது வரியை அடித்துவிட்டு, அங்கத்தினர்களுக்குக் காலநீட்டிப்பு அளிக்குமாறு பரிந்துரை எழுதினோம். மேலிடத்திலிருந்து வந்த வினா ஒன்றே: 'இவ்வூரில் மழை பெய்யவில்லை என்பதற்குப் பதிவு உண்டா?' நெசவாளரின் உற்பத்திப் பதிவேடு மழைப் பதிவேடு ஆகாது என்று கூறப்பட்டது. சட்டப்படி அது சரியே. எழுத்துப் போக்குவரத்தில் நாட்கள் கடந்தன, தவணையும் கடந்தது. இறுதியில் சிலருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. பிறர் வட்டியுடன் செலுத்தினர். அவர்களுள் ஒருவர் தம் காங்கயம் காளைகள் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்றுக் கட்டினார். ரசீதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எம்மைக் குறை கூறாமல், "போய்ட்டு வாரனுங்க" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

அம்மாடுகள் மழை இல்லாமையினால் விற்கப்பட்டன என்று ஊரார் கூறுவர். மழை இல்லை என்பதற்கு ஒரு தாள் இல்லாமையினால் விற்கப்பட்டன என்பதே எமது கருத்து.

பழைய பாடம்

பெரும் பஞ்சத்துக்குச் சாட்சி வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய சுமார் 440 மில்லிமீட்டருக்குப் பதிலாகச் சுமார் 168 மில்லிமீட்டரே பெய்தது. 62 சதவிகிதக் குறைவு. 1876-க்குப் பின்னர் இத்துணை வறண்ட பருவம் கண்டதில்லை என்று வானிலைத் துறையார் தெரிவித்தனர். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவை என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டில் எந்த ஆய்வாளரும் உழவரிடம் சாட்சி கேட்கவில்லை. சிறு வறட்சிக்குத்தான் சாட்சி வேண்டியிருக்கின்றது. ஓர் ஊரை மட்டும், ஒரு காட்டை மட்டும் தீண்டிச் செல்லும் வறட்சியை நாடு காண்பதில்லை.

1876 என்று குறிப்பிட்டோம். அவ்வாண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் கோயம்புத்தூர்ச் சீமையும் மிக வருந்தியது. ஈரோடும் சென்னிமலையும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. அச்சீமையின் நிலம், கிணறு, மழை, பயிர், குடிகளின் கடன் ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்து 1887-இல் ஜில்லாக் கையேடு ஒன்றை வெளியிட்டவர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி. அவரே பின்னர் நில, வேளாண்மை வங்கிகளைப் பற்றி ஆராய்ந்து 1895-இல் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் வகுத்த கிராமச் சங்கங்களை இங்கும் அமைக்கலாம் என்று வற்புறுத்தினார். ரைபைசனும் 1846–47 குளிர்காலப் பஞ்சத்தில் தம் ஊரார் பட்ட துன்பத்தைக் கண்டே இத்துறையில் இறங்கியவர். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் சங்கம் தோன்றியது.

இவற்றால் அறியத்தக்கது ஒன்றுண்டு. கடன் சங்கம் என்பது வட்டிக் கணக்கிலிருந்து பிறந்ததன்று. பொய்த்துப்போன வானத்திலிருந்து பிறந்தது. மழையை அறிந்தவரே சங்கத்தைக் கனவு கண்டார். அச்சங்கத்தின் ஆய்வாளராகிய நாமோ மழையை அறியாமல் பதிவேட்டைத் திறந்தோம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் ஒரு மழைமானி வைத்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வெட்டவெளியில், மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி அதனை அமைக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுத வேண்டும். மழை பெய்யாத நாளில் 'இல்லை' என்று எழுதுவது பெய்த நாளில் எழுதுவதைக் காட்டிலும் முக்கியமானது. மாதந்தோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதனைப் படித்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுதல் வேண்டும்.

இப்பதிவு ஒன்றே இழப்பீட்டை வாங்கித் தந்துவிடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் பயிர் அறுவடைச் சோதனையில் கண்ட விளைச்சலே அளவுகோல். ஆயினும் காலநீட்டிப்புக் கேட்கும்போதும், அதிகாரிகளை நேரில் பார்வையிட அழைக்கும்போதும் ஊர்ப் பதிவு இருந்தால் பேச்சுக்கு வலு உண்டு. மழை தவறுகின்றது என்பது தவணைக்கு முன்னமே, பயிர் காட்டில் நிற்கும்போதே தெரிந்துவிடும். மனுவையும் அப்போதே அனுப்பலாம். நாம் கண்ட ஊரில் மனு மாசியில் எழுதப்பட்டது. ஐப்பசியில் எழுதியிருந்தால் அதிகாரிகள் வாடிய செடியைக் கண்ணால் கண்டிருப்பார்கள்.

இரண்டாவது, ஆலங்கட்டி மழையாலோ வெள்ளத்தாலோ தனிப்பட்ட வயலில் சேதம் நேர்ந்தால், காப்பீடு செய்துள்ளோர் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். இச்செய்தியைச் சங்கத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நலம். மூன்று நாள் என்பது உறவினரிடம் சொல்லி வருந்துவதற்குள் கடந்துவிடும் காலம்.

மூன்றாவது, கடன் தரும் நாளைப் பட்டத்துக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பொதுமொழி. மேட்டு நிலத்து மானாவாரிக்கு ஆவணி, புரட்டாசியிலும் விதைப்பு உண்டு. விதைப்பு முடிந்த பிறகு கையில் வரும் கடன் விதைக்குப் பயன்படாது. வேறு செலவுக்கே பயன்படும்.

நான்காவது, நெசவாளர் சங்கங்கள் புரட்டாசிக்குள்ளேயே சாயமிட்ட நூலையும் கஞ்சியிட்ட பாவையும் இயன்ற அளவு தயாராக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். தறியில் பாவு ஏறியிருந்தால், குழியில் நீர் ஊறாத வீட்டிலாவது மழை நாளில் நாடா ஓடும். கூலியில் பிடித்தம் செய்து அரசும் ஒரு பங்கு சேர்க்கும் சேமிப்புத் திட்டத்தில் சேராத நெசவாளர் இருப்பின், நல்ல வெயில் உள்ள மாதங்களிலேயே சேர்ந்துவிடுதல் அறிவுடைமை.

ஐந்தாவது, இரு சங்கங்களும் ஒரே ஊரில் இருந்தால் ஆண்டுக்கு இருமுறையேனும் நிர்வாகிகள் ஒன்றாக அமர்ந்து பேசுதல் வேண்டும். ஒரு சங்கத்தின் பதிவேடு மறு சங்கத்தின் உண்மைக்குச் சாட்சி கூறும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இன்றைய நிலை

இப்போது அவ்வூரில் மழைமானி ஒன்று நிற்கின்றது. அதற்கு இரு சங்கத்து அங்கத்தினர்களும் பணம் சேர்த்தனர். எங்கே வைப்பது என்று கேள்வி எழுந்தபோது, உழவர்கள் காலையில் காட்டுக்குப் போய்விடுவார்கள், நெசவாளர்கள் வீட்டிலேயே இருப்பவர்கள் என்று கூறி, நெசவாளர் சங்கத்தின் பின்புறத்து வெளியில் வைத்தார்கள். அளப்பவர் அந்த முதியவரே. தறியில் உட்காருமுன் அளவைப் பார்த்து, கடன் சங்கத்தின் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் நாடாவைத் தொடுகின்றார்.

சென்ற முறை நாம் சென்றபோது அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். பக்கங்கள் பலவற்றில் 'இல்லை', 'இல்லை' என்றே இருந்தது. மழை பெய்ததற்கு அடுத்த நாளில் மட்டும் எண்ணுக்கு அருகே வேறொரு சிறு குறிப்பு: 'தறி ஓடவில்லை'. "இதை ஏன் எழுதுகின்றீர்கள், ஐயா?" என்று கேட்டோம்.

"அவங்களுக்கு வரவு வந்த நாள்ல எங்களுக்கு என்ன செலவுன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டுமுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

காளைகளை விற்றவர் அடுத்த ஆண்டு ஒரு கன்றை வாங்கி வளர்த்து வருகின்றார். மேட்டுக் காட்டில் இன்றும் அவர் நிலக்கடலையே விதைக்கின்றார். விதைக்குமுன் நெசவாளர் சங்கத்துக்கு வந்து, இதுவரை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுச் செல்கின்றார் என அறிந்தோம்.

வானத்தை நாம் சங்கத்தில் சேர்க்க இயலாது. அதனிடம் தவணை கேட்கவும் இயலாது. ஆனால் அதன் வரவு செலவை எழுதிவைக்க இயலும். அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த மகாசபையில், 'நம் ஊர் மழைக்குப் பதிவேடு உண்டா?' என்று ஒரு வினா எழுப்புவார்களாக. ஆய்வாளர்களாகிய நாமும் பதிவேட்டைத் திறக்குமுன் காட்டைப் பார்த்து வருவோமாக.